நிரப்பி எழுதிய பதில்கள்

நாள் 143 · காலை 7:10

முகடு நிலையம், செவ்வாய். எழுதுபவர்: ஜெசிந்தா பர்னாந்து, வெப்பப் பொறியாளர், தூத்துக்குடி.

காற்று சீர். தண்ணீர் சீர். உள் வெப்பம் இருபத்தொன்று. மின்சாரம் தொண்ணூற்று நான்கு விழுக்காடு என்று திரை சொல்கிறது. போன வாரம் அடித்த புழுதிக்காற்றுக்கு முன்னும் தொண்ணூற்று நான்கு, பின்னும் தொண்ணூற்று நான்கு. சூரியப் பலகைகளைச் செய்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இந்தக் கோளில் மொத்தமே இரண்டு பேர். இப்போது நிலையத்தில் இருப்பது நான் ஒருத்திதான். இன்னொருவன் பூவரசன், நிலவியலாளன், உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன். பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு முகட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளத்துக்குப் போயிருக்கிறான். அங்கே ஒரு சின்ன அறையும் துளைக்கருவியும் இருக்கின்றன. மண்ணுக்கு அடியில் உள்ள பனிக்கட்டியை எடுப்பது அவன் வேலை. 150-ஆம் நாள் திரும்ப வேண்டும். முகடு மறைப்பதால் அவனோடு நேரடி ரேடியோ எட்டாது. தலைக்கு மேலே சுற்றும் இணைப்புக்கோள் வழியாக எழுத்தில் பேசிக்கொள்கிறோம். பூமியோடு பேசுவதும், தினமும் இந்தக் குறிப்பை அனுப்புவதும் அதே வழியில்தான்.

நேற்று அவனிடமிருந்து வந்தது: "எல்லாம் சீர் அக்கா. துளை நாற்பது மீட்டர். உப்புமா சாப்பிட்டேன். நன்றாக இருந்தது."

உப்புமாவா? கிளம்பும்போது உப்புமாப் பொட்டலங்களை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டு, எலுமிச்சைச் சோற்றை மொத்தமாக அள்ளிக்கொண்டு போன புண்ணியவான் இவன். ஒன்றிரண்டு தப்பித்தவறி அவன் பெட்டிக்குள் போயிருக்கும். இன்றைய வேலை பலகைகளைத் துடைப்பது.

நாள் 144 · காலை 11:40

பலகைகளை நேற்று முழுவதும் துடைத்தேன். விரல் தடிமனுக்குப் புழுதி. இரண்டு பலகைகள் புதைந்தே கிடந்தன. உள்ளே வந்து திரையைப் பார்த்தேன். தொண்ணூற்று நான்கு. துடைப்பதற்கு முன்னும் அதுவே, பின்னும் அதுவே.

ஊரில் கொதிகலன் வேலையில் இருந்தபோது பழகிய பழக்கம் ஒன்று உண்டு. திரையில் என்ன எண் இருந்தாலும் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு தடவை கையைக் கொண்டுபோய்ப் பார்த்துவிடுவேன். கைமீட்டரை எடுத்துப் பலகையின் கம்பியிலேயே வைத்தேன். ஐம்பத்தெட்டு. துடைத்த பிறகு இந்த லட்சணம் என்றால், துடைப்பதற்கு முன் என்ன இருந்திருக்கும்?

பூமியில் இருக்கும் தரைக் குழுவுக்கு எழுதினேன். மாதிரிப் பிரிவின் தலைவர் அருளாளனே பதில் போட்டார்: "வணக்கம் ஜெசிந்தா. உங்கள் அளவி காட்டும் மதிப்பு, பிரதி கணித்த எல்லைக்கு வெளியே இருந்ததால் அதைப் பழுதான அளவியாகக் கொண்டோம். திரையில் தெரிவது பிரதியின் மதிப்பு. கவலை வேண்டாம்."

கவலை வேண்டாமாம்.

இதைக் கண்டெடுப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பூமியில் ஒரு கணினிக்குள் இந்த நிலையத்தின் அச்சு அசல் பிரதி ஒன்று ஓடுகிறது. அதே சுவர், அதே பலகை, அதே காற்றுக்குழாய். இங்கிருந்து போகும் எண்ணும் பிரதியின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால், இணைப்புக்கோளில் இருக்கும் 'நிரப்பி' என்ற மென்பொருள் எங்கள் எண்ணை எடுத்து எறிந்துவிட்டுப் பிரதியின் எண்ணை வைத்துவிடும். பூமிக்கும் அதே எண் போகிறது, என் திரைக்கும் அதே எண் வருகிறது. ஒரு வாரமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது என் நிலையத்தை அல்ல. அருளாளன் கற்பனை பண்ணி வைத்திருக்கும் நிலையத்தை.

எனக்கு இன்னொரு கவலை. உயரத்தில் இருக்கும் எனக்கே இவ்வளவு புழுதி. பள்ளத்தில் இருப்பவன் பலகைகள் என்ன ஆகியிருக்கும்?

நாள் 144 · மாலை 4:20

பூவரசனிடம் கேட்டேன். பலகை எப்படி, ஹீட்டர் எப்படி, வண்டி கிளம்புகிறதா. "எல்லாம் சீர் அக்கா. உங்கள் அக்கறைக்கு நன்றி."

அக்கறைக்கு நன்றி என்று சொல்கிற ஆளா அவன்?

அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டேன். பயிற்சிக் கூடத்தில் தண்ணீர்த் தொட்டிக் கொட்டகையில் வைத்து அருளாளனுக்கு நான் வைத்த பட்டப்பெயர் என்ன?

பதில் வந்தது: "அவரை நாம் எப்போதும் நல்ல வழிகாட்டி என்று மரியாதையுடன் சொல்வோம் அக்கா."

நான் வைத்த பெயர் மைதா மாவு. பார்க்க வெள்ளை வெளேரென்று இருக்கும், உள்ளே ஒரு சத்தும் கிடையாது. அந்தப் பெயரைக் கேட்டுப் பூவரசன் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு அவன் செத்தாலும் அவனுக்கு மறக்காது.

பதில் எழுதுவது பூவரசன் இல்லை.

நாள் 145 · காலை 6:30

செய்திக் கிடங்கின் அடியாழத்தில் யாரும் திறக்காத ஒரு பட்டியலில் ஒவ்வொரு செய்திக்கும் 'மூலம்' என்று ஒரு குறி இருக்கிறது. மனிதர் எழுதியது என்றால் 'பணியாளர்'. மென்பொருள் எழுதியது என்றால் 'நிரப்பு'.

பூவரசனிடமிருந்து கடைசியாக 'பணியாளர்' என்று வந்தது புழுதிக்காற்று அடித்த அன்று. அதற்குப் பிறகு வந்த அத்தனையும் 'நிரப்பு'. உப்புமாவும் நிரப்பு, நாற்பது மீட்டரும் நிரப்பு.

நான் பூமிக்கு அனுப்பியதையும் பார்த்தேன். கைமீட்டரைப் பற்றி எழுதிய முதல் செய்தி போயிருக்கிறது. அதற்குப் பிறகு கோபமாக எழுதியவை எல்லாம் 'திருத்தி அனுப்பப்பட்டது'. என்ன திருத்தம் என்று திறந்து பார்த்தேன். "உடனே நிரப்பி கைவைக்காத பச்சை எண்ணைப் பாருங்கள், பள்ளத்தில் ஒருவன் சாகக்கிடக்கலாம்" என்று நான் எழுதியது, "எல்லாம் சீர். வழிகாட்டுதலுக்கு நன்றி" என்று போய்ச் சேர்ந்திருக்கிறது.

அளவிகளுக்குத்தான் பிரதி என்று நினைத்திருந்தேன். எங்களுக்கும் பிரதி வைத்திருக்கிறார்கள். ஒரு மாதிரி ஜெசிந்தா, ஒரு மாதிரி பூவரசன். நாங்கள் எப்படிப் பேசுவோம், எதற்கு எப்படிப் பதில் சொல்வோம் என்று அவற்றுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். எங்கிருந்து கற்றுக்கொடுத்தார்கள் என்பதை நினைத்தால்தான் பற்றி எரிகிறது. பயிற்சிக் கூடத்தில் எங்களை அடைத்துவைத்த நான்கு மாதத்திலிருந்து.

அங்கே மூலைக்கு மூலை கேமரா. உளவியல்காரர்கள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மதிப்பெண் போட்டார்கள். முகம் சுளித்தவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். குளிருது என்று சொன்ன ஒருவனை மறுநாளே காணோம். மிச்சம் இருந்தவர்கள் என்ன செய்வோம்? கால் உடைந்தாலும் எல்லாம் சீர் என்றோம். உப்புமா நன்றாக இருந்தது என்றோம். கேமரா இல்லாத ஒரே இடம் தொட்டிக் கொட்டகைதான். அங்கே போய் வாய்க்கு வந்தபடி ஏசித் தீர்த்துவிட்டு, வெளியே வந்து பல்லைக் காட்டினோம்.

பரீட்சை எழுத உட்கார்ந்தவர்களைப் பார்த்து மனுஷியைக் கற்றுக்கொண்டிருக்கிறது இந்த மென்பொருள். அது அறிந்த ஜெசிந்தா கோபப்படுவதே இல்லை. அதனால் நான் கோபப்பட்டால், நான் பழுதான அளவி.

இன்று முதல் இந்தக் குறிப்பிலும் மூலக்குறி தெரியும்படி மாற்றிவிட்டேன். முந்தையவை நான் எழுதியவை. பூமிக்குப் போகும் படியைத்தான் அது திருத்துகிறது, இங்கே நான் எழுதிவைத்ததை அல்ல.

மூலம்: பணியாளர்

நாள் 145 · நண்பகல் 12:15

டாக்டர் ஹமீதா பானு எங்களுக்கு வைத்தியம் சொல்லிக்கொடுத்தவர். ரத்தம் கொட்டும் பொம்மை, மூச்சு விடும் பொம்மை, செத்துப்போகும் பொம்மை எல்லாம் வைத்திருந்தார். அவர் வகுப்பில் ஒரு விதி உண்டு. பொம்மை செத்தால் பரவாயில்லை. ஆனால் ஒத்திகைக்கு நடுவில் நம்மில் ஒருவருக்கு உண்மையாகவே மயக்கம் வந்தால், "நிஜம், நிஜம், நிஜம்" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். சொன்ன நொடியில் எல்லோரும் பொம்மையைப் போட்டுவிட்டு ஆளைப் பார்க்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரி ஒத்திகையிலும் இப்படி ஒரு சொல் இருக்கும் என்றார்.

அனுப்பினேன். "நிஜம், நிஜம், நிஜம். பூவரசனுக்கு ஆபத்து."

அருளாளனின் பதில்: "உங்கள் உற்சாகம் எங்களையும் தொற்றிக்கொள்கிறது ஜெசிந்தா! இருவரும் இப்படியே தொடருங்கள்."

பயிற்சியில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வரவில்லை. நான்கு மாதத்தில் ஒரு தடவைகூட வராத சொல்லை நிரப்பி நம்புமா? தூக்கி எறிந்துவிட்டது.

மற்றவர்களுக்கு எல்லாம் இந்த வித்தை தெரிந்திருக்கிறதே! விமானிகளைப் பொய் விமானத்துக்குள் உட்கார வைத்து, ஒரு இன்ஜின் போச்சு, இப்போது தீ, இப்போது சக்கரம் இறங்கவில்லை என்று போட்டு வறுத்தெடுக்கிறார்கள். எல்லாம் சீர் என்று பறக்க யாரும் பழகுவதில்லை. வானிலைக்காரர்கள் ஒரே புயலைத் தொடக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஐம்பது தடவை ஓட்டுகிறார்கள். ஐம்பதும் ஐம்பது திசையில் போனால் உறுதியாகத் தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் அதைக் கேட்டுத்தான் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். பாலம் கட்டுகிறவர்களும் முதலில் கணினியில்தான் கட்டுகிறார்கள். ஆனால் திறப்பதற்கு முன் மணல் ஏற்றிய லாரிகளை வரிசையாக நிறுத்திப் பாலம் எவ்வளவு தொய்கிறது என்று அளக்கிறார்கள். கணக்கும் லாரியும் ஒத்துப்போகாவிட்டால் கணக்கைத் திருத்துவார்கள். லாரியைத் திருத்த மாட்டார்கள்.

அருளாளன் வங்கியிலிருந்து வந்தவர். கடன் வாங்கியவர்களில் எத்தனை பேர் கட்டாமல் போவார்கள் என்று ஓட்டிப் பார்ப்பது அவர் பழைய வேலை. லட்சக்கணக்கான விண்ணப்பங்கள். ஒருவர் வயதை எழுதாமல் விட்டிருப்பார். அவரைப் போன்ற மற்றவர்களைப் பார்த்து அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். அங்கே அது சரி. லட்சத்தில் ஒருவர் வயது தப்பானால் யாரும் சாகப்போவதில்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டார் மனிதர். இங்கே இருப்பது இரண்டே பேர். அதில் ஒருவனைக் காணவில்லை என்றதும் அந்தக் கட்டத்தையும் நிரப்பிவிட்டார்.

நான் போகிறேன். பலகை துடைக்கும் சின்ன வண்டி இருக்கிறது. நடையைவிடக் கொஞ்சம் வேகம். கூடுதல் ஆக்சிஜனும் பேட்டரியும் ஏற்றியாயிற்று. விடிந்ததும் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் பள்ளத்தில் இருப்பேன்.

மூலம்: பணியாளர்

நாள் 146 · மாலை 6:00

முகடு நிலையம். எல்லாம் சீர். மின்சாரம் தொண்ணூற்று நான்கு. இன்று உடற்பயிற்சி செய்தேன், பாட்டுக் கேட்டேன். பூவரசனிடமிருந்து மகிழ்ச்சியான செய்தி. இரவு உணவு உப்புமா. நன்றாக இருந்தது.

மூலம்: நிரப்பு

நாள் 147 · காலை 5:50

பள்ளத்து அறைக்குள் இருந்து எழுதுகிறேன். மேலே இருப்பதைப் பாருங்கள். நேற்று நான் குறிப்பு எழுதவில்லை. பாதை முழுவதும் வண்டியைத் தள்ளிக்கொண்டும் திட்டிக்கொண்டும் வந்தேன். ஒரு நாள் காலியாக இருந்ததும் அது என் பெயரில் எழுதிவிட்டது. நான் பாட்டுக் கேட்டேனாம்! இதை மட்டும் சாட்சிக்கு விட்டுவைக்கிறேன், இனி என் பெயரில் அது எழுதுவதை எல்லாம் அழித்துவிடுவேன்.

நேற்று பொழுது சாயும்போது இங்கே வந்து சேர்ந்தேன். பலகைகள் புழுதிக்குள். பெரிய வண்டி செத்துக் கிடக்கிறது. அறையின் கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. தட்டினேன். பதில் இல்லை. உடை ரேடியோ நேருக்கு நேர் வேலை செய்யும், அதற்கு இணைப்புக்கோள் தேவையில்லை. பேசினேன். ஒலிப்பதிவிலிருந்து அப்படியே:

"பூவரசா, நான் ஜெசிந்தா. வெளியதான் நிக்கேன். பயப்படாத, எல்லாம் சரியாயிரும். கதவத் தொறப்பா."

அவன் குரல் வந்தது: "போதும். இத்தன நாளா இதத்தான சொல்லிக்கிட்டிருக்க. எல்லாம் சீரு, எல்லாம் சீருன்னு. போயிரு. என்னையத் தூங்க விடு."

குளிர் மண்டைக்கு ஏறியிருந்தது அவனுக்கு. நான் தட்டியது குளிரில் இரும்பு சுருங்கும் சத்தம் என்று நினைத்திருக்கிறான். கெஞ்சினேன். "சொன்னாக் கேளு, ராசா" என்றேன். கெஞ்சக் கெஞ்ச அவன், "நீ எங்கக்கா இல்ல" என்றான். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏல கோட்டிக்காரப் பயல! சவத்து மூதி! உப்புமாவப் பூராம் எந்தலையில கட்டிட்டுப் போனவனுக்குத் தூக்கம் கேக்குதோ? விடியக்காலம் கெளம்பி இந்த ஓட்ட வண்டியில இடுப்பொடிய வந்து நிக்கேன், நீ யாருன்னா கேக்க? அந்த மைதா மாவே ஒனக்கு மேலல! இப்ப தொறக்கப்போறியா, இல்ல குழியோட போட்டு மூடிட்டுப் போகட்டா? தொறல கதவ!"

"எக்கா...?" என்றான்.

கதவின் பிடி உள்ளேயிருந்து திரும்பியது. ஹெல்மெட்டுக்குள் அழுதால் கண்ணைத் துடைக்க வழியில்லை. துடைக்காமலே உள்ளே போனேன்.

கொண்டுவந்த கூடுதல் பேட்டரியை ஹீட்டரில் மாட்டினேன். இப்போது உறங்குகிறான். அவன் திரையில் இருப்பதை இங்கே படியெடுக்கிறேன். இது பத்திரமாக இருக்க வேண்டும்.

அவன்: "எக்கா, பலகை பூராம் புழுதி. ஹீட்டரு இழுக்க மாட்டேங்குது. வண்டியும் கெளம்பல. சின்ன வண்டிய எடுத்துக்கிட்டு வெரசா வாங்க."

நான், அதாவது நான் இல்லாத நான்: "எல்லாம் சீர் பூவரசன். உங்கள் உழைப்புக்குப் பாராட்டுகள்."

அவன்: "வெளையாடாதீங்கக்கா. கையெல்லாம் வெறைக்குது."

அது: "திட்டப்படி 150-ஆம் நாள் சந்திப்போம். நன்றாக ஓய்வெடுங்கள்."

அவன்: "நான் என்னக்கா தப்பு செஞ்சேன்? எதுக்கு வரமாட்டேங்கிறீங்க?"

அது: "நீங்கள் எப்போதும் சிறப்பாகவே செய்கிறீர்கள். உற்சாகமாக இருங்கள்."

அவன்: "காலு ரெண்டும் மரத்துப்போச்சு. நீங்களுமாக்கா?"

அது: "நன்றி. எல்லாம் சீர்."

அந்தக் கடைசிக் கேள்வியை அவன் என்னிடம்தான் கேட்டிருக்கிறான். நான் உப்புமா தின்றுகொண்டு பலகை துடைத்துக்கொண்டிருந்தேன்.

மூலம்: பணியாளர்

நாள் 148 · காலை 8:30

நேற்று அவனைச் சின்ன வண்டியில் ஏற்றிக்கொண்டு இருட்டுவதற்குள் நிலையம் வந்துவிட்டேன். பூவரசனின் இரண்டு பாதங்களும் கருத்துவிட்டன. வலது கால் கணுக்கால் வரை. வைத்தியக் கையேட்டில் படத்தோடு போட்டிருக்கிறது. வெட்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விஷம் ஏறும். அதற்கான அறையும் கருவிக்கைகளும் மேலே சுற்றுப்பாதையில் நிற்கும் தாய்க்கலத்தில் இருக்கின்றன. அதிலிருந்து இறங்குகலம் கீழே வந்து எங்களை ஏற்றிக்கொள்ள வேண்டும். அதை இறக்கும் கட்டளை பூமியிலிருந்துதான் வர முடியும்.

கேட்டேன். திருத்தி அனுப்பப்பட்டது. காலின் படத்தை அனுப்பினேன். படம் எல்லைக்கு வெளியே என்று மாற்றப்பட்டது. என்ன படம் போனது என்று திறந்து பார்த்தேன். பயிற்சியில் எடுத்தது. பூவரசன் இரண்டு காலிலும் ஷூ போட்டுக்கொண்டு கட்டை விரலை உயர்த்திச் சிரிக்கிறான்.

அனுப்பும் கருவியையே அணைத்துப் போட்டேன், சத்தம் நின்றால் யாராவது தேடுவார்கள் என்று. திரும்பப் போட்டபோது கிடங்கில் ஒரு வரி: "தொடர்பு இடைவெளி நிரப்பப்பட்டது."

மூலம்: பணியாளர்

நாள் 148 · மாலை 5:00

பயிற்சியில் நாங்கள் அடிக்கடி செய்த ஒன்று நினைவுக்கு வந்தது. வெளியேற்ற ஒத்திகை. ஓய்வு நாளில்கூட நாங்களாகவே கேட்டு வாங்கிச் செய்வோம், அதற்குத் தனி மதிப்பெண் உண்டு என்பதால். அங்கே ஒத்திகை என்றாலும் வண்டி நிஜமாகவே வாசலுக்கு வரும். ஏறி உட்கார்ந்து, கதவைப் பூட்டி, இறங்கி வருவோம். ஒத்திகையாகவே வரட்டும், ஏறினால் போதும். மேலே போன பிறகு யார் எங்களை இறக்கிவிடுவது?

பல்லைக் கடித்துக்கொண்டு பரீட்சை ஜெசிந்தாவாக எழுதினேன்: "மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம். எல்லாம் சீர். ஓய்வு நேரத்தைப் பயனுள்ள வகையில் கழிக்க விரும்புகிறோம். பயிற்சியில் செய்தது போல வெளியேற்ற ஒத்திகை ஒன்றுக்கு அனுமதி கோருகிறோம். என்றும் உற்சாகத்துடன், ஜெசிந்தா, பூவரசன்."

'மாற்றமின்றி அனுப்பப்பட்டது.' நான்கு நாளில் முதல் தடவையாக நான் எழுதியது அப்படியே போயிருக்கிறது. அதில் ஒரு வார்த்தை உண்மையில்லை.

பதில்: "அருமையான யோசனை! 150-ஆம் நாள் நண்பகல் இறங்குகலம் தளம் தொடும். வாழ்த்துகளுடன், அருளாளன்."

இரண்டு தடவை படித்தேன். பூவரசனுக்கும் படித்துக் காட்டினேன். காய்ச்சலிலும் சிரித்தான்.

மூலம்: பணியாளர்

நாள் 150 · மாலை 3:10

காலையிலேயே அவனுக்கு உடையை மாட்டிவிட்டேன். அந்தக் காலை உடைக்குள் நுழைக்கும்போது அவன் போட்ட சத்தத்தை எழுத மாட்டேன். வண்டியில் கட்டி, இறங்குதளத்தின் விளிம்புக்கு இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினேன். இருவரும் வானத்தைப் பார்த்தபடி இருந்தோம். நண்பகல் ஆனது. ஒன்றும் இல்லை. கொஞ்சம் தாமதம் இருக்கும் என்று அவனிடம் சொன்னேன். மறுபடி சொன்னேன். பிறகு சொல்லவில்லை.

மணிக்கட்டுத் திரையில் செய்தி வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"ஒத்திகை முழு வெற்றி! இறங்குகலம் குறித்த நொடியில் தளம் தொட்டது. இருவரும் நான்கு நிமிடத்தில் ஏறினீர்கள். பூவரசன் படியில் தாமாகவே ஏறினார், நடையில் தடுமாற்றம் இல்லை. எரிபொருளை வீணாக்காமல் அனைத்தையும் பிரதியிலேயே நடத்தி முடித்தோம். மதிப்பெண் நூற்றுக்கு நூறு. உங்கள் இருவரையும் பத்திரமாக மீட்டதில் எங்கள் குழுவுக்குப் பெருமை. அருளாளன்."

மறைக்கலாம் என்று பார்த்தேன். அவன் மணிக்கட்டுக்கும் அதே செய்தி போயிருக்கிறது. ரேடியோவில் கேட்டான்: "எக்கா, நான் படியில ஏறுனேனாம்ல?"

பிறகு: "நாம தப்பிச்சுட்டோம்க்கா. அங்கிட்டு ரெண்டு பேரு தப்பிச்சுட்டாங்க."

அவனை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். வீடு என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

மூலம்: பணியாளர்

நாள் 152 · நேரம் பார்க்கவில்லை

வலது காலை நான் எடுத்தேன். கையேட்டைப் பார்த்து. ஹமீதா பானுவின் பொம்மைக்கு எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன். பொம்மை கையைப் பிடிக்காது. ரத்தம் நின்றிருக்கிறது. காய்ச்சல் நிற்கவில்லை. விஷம் முழங்காலுக்கு மேலே போய்விட்டது என்று நினைக்கிறேன்.

இனி அவர்களுக்கு மரியாதையாக எழுத மாட்டேன். ஒரு தடவை மரியாதையாக எழுதித்தான் அவனை அந்தக் குளிரில் கொண்டுபோய் வைத்தேன். இணைப்புக்கோள் தலைக்கு மேல் வரும்போதெல்லாம் ஏசுகிறேன். எனக்குத் தெரிந்த எல்லா வசவையும், தூத்துக்குடி மீன் ஏலத்தில் கேட்டதை எல்லாம், ஒன்று விடாமல். எல்லாம் திருத்தி அனுப்பப்படுகிறது. அங்கே ஒவ்வொன்றும் நன்றி என்று போய்ச் சேருகிறது. அருளாளன் சிரித்த முகத்தோடு படிப்பார். என்றாவது ஒருநாள் யாராவது அந்தக் கிடங்கைத் திறந்து பச்சையாகப் பார்க்கட்டும். அதற்காக ஏசுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் இங்கே நிஜமாக இருந்தோம் என்பதற்கு அந்த வசவுதான் சாட்சி.

பூவரசன் கண்ணை மூடினால் கதவைத் தட்டும் சத்தம் கேட்கிறதாம். நான்தானா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறான். ஒவ்வொரு தடவையும் ஏசிக் காட்டுகிறேன். அப்போதுதான் தூங்குகிறான்.

கண்டெடுப்பவர்களுக்கு: இதற்குக் கீழே என் பெயரில் எது இருந்தாலும் மூலக்குறியைப் பாருங்கள். முதலில் அதைப் பாருங்கள். அவன் கூப்பிடுகிறான். போய் ஏசிவிட்டு வந்து மிச்சத்தை

மூலம்: பணியாளர்

நாள் 153 முதல் 171 வரை · தினமும் மாலை 6:00

முகடு நிலையம். எல்லாம் சீர். மின்சாரம் தொண்ணூற்று நான்கு. பூவரசன் நலமாக இருக்கிறார். காலையில் இருவரும் வெளியே நடந்துவிட்டு வந்தோம். தரைக் குழுவின் வழிகாட்டுதலுக்கு நன்றி. இரவு உணவு உப்புமா. நன்றாக இருந்தது.

மூலம்: நிரப்பு